பத்து முறை துவைக்கலாம்

அம்மாவின் கல்யாணப் பட்டு பீரோவில் இருந்தால் எடுத்து மடியில் விரித்துக்கொள்ளுங்கள். அசல் ஜரிகை போட்ட புடவையாக இருக்க வேண்டும். மும்பை லேமிங்டன் ரோடு மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை, இணைப்பு இருந்தால் பீப் என்று கத்தும் நிலைக்குத் திருப்புங்கள். அதன் இரண்டு முனைகளையும் கரையில் ஓடும் ஒரே ஜரிகை இழைமேல் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். கத்தும். ஜரிகை கறுத்துப்போயிருந்தால் முனையைக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதே சோதனையை அண்மையில் வாங்கிய மலிவான ஜரிகைப் புடவையிலும் செய்து பாருங்கள். மீட்டர் அநேகமாக வாயே திறக்காது.

பழைய ஜரிகை என்பது பட்டு நூலின்மேல், தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, தங்கமுலாம் பூசியது. இப்போது சந்தையில் மலிந்திருப்பது பாலியஸ்டர் ஏட்டின்மேல் உலோகப் படலம் படியவைத்து, அதற்கும் மேலே நிறமேற்றிய மெருகு பூசி, மயிரிழை அகலத்துக்குக் கிழித்தெடுத்தது. அது மின்னும். மின்சாரம் அதில் ஏறாது.

1997இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில், மீடியா லேப் என்ற ஆய்வுக்கூடத்தில், ரெஹ்மி போஸ்ட், மேகி ஆர்த் என்ற இருவர் துவைக்கக்கூடிய கணினி ஒன்றைச் செய்ய முனைந்தார்கள். ஒயரைச் சட்டைக்குள் ஒளித்துவைப்பதை அவர்கள் விரும்பவில்லை. துணியே ஒயராக வேண்டும் என்று நினைத்தார்கள். அதற்கு அவர்கள் கையில் எடுத்தது இந்தியாவில் அலங்காரத்துக்காக நெய்யப்படும் ஆர்கன்சாத் துணி. பாவில் வெறும் பட்டு. ஊடையில் செம்புத் தகடு சுற்றிய பட்டு. நம் கடைகளில் டிஷ்யூ புடவை என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அந்த வகை. அதில் ஒரு திசையில் மின்சாரம் ஓடும், குறுக்கே ஓடாது. கணினிக்குள் அடுக்கடுக்காகப் போகும் தட்டை ஒயர் செய்யும் வேலையை இந்தத் துணி பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்திருந்தது. ஒரு லீவைஸ் ஜீன்ஸ் ஜாக்கெட்டின் மார்பில் எஃகு கலந்த நூலால் எண்பலகை ஒன்றைப் பூவேலை செய்து, ஆர்கன்சாப் பட்டையால் அதை பேட்டரியோடும் ஒலிபெருக்கியோடும் இணைத்தார்கள். மார்பைத் தொட்டால் இசை வரும். உலகில் உடையும் மின்னணுவும் இணைந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடும் ஜாக்கெட் அது. அதில் ஓடிய ஜரிகையைப் பற்றி நம் ஊரில்தான் யாரும் பேசுவதில்லை.

அதே காலத்தில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். சுந்தரேசன் ஜெயராமன், 1970களில் சென்னை ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். இடையில் மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை பார்த்திருக்கிறார். தறியும் கணினியும் ஒரே ஆளுக்குள் குடியிருப்பது அபூர்வம். 1996இல் அமெரிக்கக் கடற்படையின் நிதியில் அவருடைய குழு ஒரு சட்டை நெய்யத் தொடங்கியது. போர்க்களத்தில் சிப்பாய்க்குக் குண்டடி பட்டால் எங்கே பட்டது, இதயம் எப்படித் துடிக்கிறது என்று தொலைவில் இருக்கும் மருத்துவருக்கு அது சொல்ல வேண்டும். சட்டை முழுக்க ஒளியிழை சுற்றிச் சுற்றி ஓடும். குண்டு துளைத்தால் இழை அறும். அறுந்த இடமே காயம் பட்ட இடம்.

யோசனை எளிது. சிக்கல் கத்தரிக்கோலில் இருந்தது. சட்டை என்றால் துணியை வெட்ட வேண்டும். கைக்குழி, தோள், பக்கம் என்று மூட்டித் தைக்க வேண்டும். வெட்டிய இடத்தில் இழை அறும். தைத்த இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று முகம் பார்க்காமல் நிற்கும். நூற்றுக்கணக்கான அறுந்த முனைகளை யார் திரும்ப இணைப்பது? ஜெயராமன் குழு கத்தரியைக் கைவிட்டது. கைக்குழியோடு சேர்த்து முழுச்சட்டையையும் ஒரே துண்டாகத் தறியிலேயே நெய்து இறக்கும் முறையைக் கண்டுபிடித்து, 2000இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்கள். அணி மின்னணு (உடம்பில் அணியும் மின்னணு) பற்றிப் பேசும் எல்லோரும் அந்தச் சட்டையின் உணரிகளைப் புகழ்கிறார்கள். என் கணக்கில் அதன் பெரிய சாதனை அந்த நெசவுதான். ஜவுளி படித்தவருக்குத்தான் பிரச்சினை தையலில் இருக்கிறது என்பது முதல் நாளே தெரியும்.

இங்கே ஒரு குறுக்குச் சிந்தனை. வெட்டாமல், மூட்டாமல் உடுத்தும் உடை நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறதே? புடவையின் கரையில் ஓடும் ஜரிகை, தலைப்பிலிருந்து உள்முனைவரை ஆறு கஜமும் அறாமல் ஓடும் ஒரே கம்பி. வேட்டிக் கரையும் அப்படியே. ஜெயராமன் குழு தறியோடு மல்லுக்கட்டிப் பெற்ற தொடர்ச்சி காஞ்சிபுரத்தில் கேட்காமலே கிடைக்கிறது. ஆனால் உடனே மீசையை முறுக்கிவிட வேண்டாம். புடவையைக் கட்டும்போது கொசுவம் வைக்கிறோம். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் ஜரிகைமேல் ஜரிகை உட்காரும். மின்சாரத்துக்கு ஆறு கஜம் சுற்றிவர வேண்டிய தேவையே இருக்காது. மடிப்புக்கு மடிப்பு தாவிவிடும். ஷார்ட் சர்க்யூட். மோட்டாரில் சுற்றும் செம்புக் கம்பிக்கு எனாமல் பூசுவதுபோல ஜரிகைக்கும் பூசலாம். பூசினால் அதன் பளபளப்பும் வளைவும் என்ன ஆகும் என்பதைப் பூசிப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். தாய்மார்கள் கட்டிக்கொண்டு நடக்கும் துணி இது. ஆய்வுக்கூட மேஜைமேல் விரித்து வைத்த துணியைப் போல அசையாமல் கிடக்காது.

மும்பையில் வேறொரு தொல்லையும் உண்டு. நான் அம்பர்நாத்வாசி. காலை லோக்கலில் சி.எஸ்.டி. போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். தாணே வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். வியர்வை உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். எம்.ஐ.டி. இருக்கும் பாஸ்டன் பக்கத்துக் குளிரில் தனித்தனியாக ஓடிய இரண்டு இழைகளை குர்லா நெரிசலின் வியர்வை ஒன்றாக்கிவிடும். ஜூலை மழையைச் சொல்லவே வேண்டாம். நான் அணிந்திருந்த ஒரு கைப்பட்டை (பெயர் வேண்டாம்) தண்ணீர் புகாது என்ற உறுதிமொழியோடு வந்து, இரண்டாவது மழைக்காலத்தில் மூச்சை விட்டது.

மேலைநாட்டுக்குத் திரும்புவோம். 2015இல் கூகுள் நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. பெயர் ஜக்கார்ட். துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கி 1804 வாக்கில் நெசவை மாற்றிய பிரெஞ்சுக்காரரின் பெயர். கணினிக்கு முப்பாட்டன் என்று அந்தத் தறியைச் சொல்வதுண்டு. கூகுளும் லீவைஸும் சேர்ந்து 2017இல் ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட்டை 350 டாலருக்குச் சந்தையில் விட்டன. இடது கை மணிக்கட்டுப் பட்டியில் மின்கடத்தும் நூல் நெய்திருக்கும். அதைத் தடவினால் சைக்கிள் ஓட்டிக்கொண்டே பாட்டை மாற்றலாம், வழி கேட்கலாம். மூளையும் பேட்டரியும் ஒரு சிறு பட்டைக்குள் இருக்கும். துவைக்கும்முன் அதைக் கழற்றிவிட வேண்டும். இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் அந்த முதல் ஜாக்கெட்டைப் பத்து முறை துவைக்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

பத்து முறை. ஜீன்ஸைத் துவைக்காமலே போடுவதைப் பெருமையாகப் பேசும் ஊரில் அது பல வருடக் கணக்காக இருக்கலாம். அம்பர்நாத்தில் மூன்று மாதம் தாங்காது. பின்னர் வந்த வடிவங்கள் மலிவாகவும் வந்தன, மேம்பட்டும் வந்தன. ஆனால் 2023இல் கூகுள் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டது. செயலி போனதும் நூலுக்கு வேலை போயிற்று. ஜாக்கெட் கிழியாமல், நிறம் மங்காமல் வெறும் ஜாக்கெட்டாகிவிட்டது. துணியின் ஆயுளைத் தறிக்காரரும் வண்ணாரும் சேர்ந்து முடிவுசெய்த காலம் போய், எங்கோ இருக்கும் ஒரு சர்வர் முடிவுசெய்யும் காலம் வந்திருக்கிறது.

ஜீன்ஸைத் துவைப்பதைப் பற்றி எங்கள் பக்கத்து ஊரிடம் கேட்டிருக்கலாம். அம்பர்நாத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் உல்லாஸ்நகர். பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்கள் கல்யாண் ராணுவ முகாமின் கொட்டகைகளில் குடியேறி உண்டாக்கிய ஊர். இன்றும் வட்டாரங்களுக்குப் பெயர் கேம்ப் ஒன்று, கேம்ப் இரண்டு என்றுதான். 1949 ஆகஸ்டு 8இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. பின்னாளில் ஜீன்ஸ் தையல் அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்றானது. அங்கே தைத்த சரக்கில் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று இருந்தால் அதற்கு உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று பொருள் என்பது மும்பை முழுக்கத் தெரிந்த வேடிக்கை.

ஜீன்ஸ் தொழிலில் தையல் பாதிதான். மீதிப் பாதி வாஷிங். புதிதாகத் தைத்த ஜீன்ஸ் அட்டைபோல விறைத்து, கருநீலமாக இருக்கும். அதைப் பழசாக்கினால்தான் விலை. பெரிய டிரம்மில் நுரைக்கல்லோடு போட்டு உருட்டுவது ஸ்டோன் வாஷ். நாரை மேலோட்டமாகத் தின்னும் நொதியில் ஊறவைப்பது என்சைம் வாஷ். தொடையிலும் முழங்காலிலும் வெளுப்பு வர பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளிப்பார்கள். மொத்தமாக வெளுக்க பிளீச். இதில் ஒவ்வொரு படியும் மின்கடத்தும் நூலுக்கு எமன். அந்த நூலில் பரவலாகப் புழங்குவது வெள்ளி பூசிய நைலான். கல் உரசினால் வெள்ளி உதிரும். குளோரின் பிளீச் பட்டால் வெள்ளி குளோரைடாகி மின்தடை ஏறும். ஜீன்ஸுக்கு அழகு தருவது எதுவோ அதுவே மின்னணுவைக் கொல்கிறது. வடிவமைப்பாளரும் பொறியாளரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் இது தீராது. டிரம்முக்கு முன்னால் ரப்பர் பூட்ஸோடு நிற்கிறவரும் உட்கார வேண்டும். எந்தக் கல், எத்தனை நிமிடம், எந்த சூட்டில் துணி எவ்வளவு இழக்கும் என்பது அவருக்குக் கைப்பாடம்.

அந்த டிரம்களின் நீலத் தண்ணீர் எங்கே போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்பர்நாத்தில் 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டுள்ள சிவன் கோயில் வால்துனி ஆற்றின் கரையில் இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் அதை ஆறு என்று நம்பச் சிரமப்படுவார்கள். அம்பர்நாத்தின் ரசாயன ஆலைகளும் உல்லாஸ்நகரின் ஜீன்ஸ் பட்டறைகளும் அதைப் பல பத்தாண்டுகள் சாக்கடையாகப் பயன்படுத்தின. வழக்குகள் நடந்தன, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அபராதம் விதித்தது, ஜீன்ஸ் சாய வாஷிங் பட்டறைகளை மூடும் உத்தரவும் வந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. நொய்யலைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. நாளை ஜீன்ஸில் வெள்ளி நூலும் சேர்ந்தால், உதிரும் வெள்ளியும் இதே தண்ணீரில்தான் போகும். வெள்ளி கிருமிகளைக் கொல்லும் என்பதைச் சாக்ஸ் விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆற்றுக்கு அது பெருமை இல்லை.

அப்படியானால் எங்கேயுமே ஃபேஷனும் மின்னணுவும் சேரும் இந்தக் கல்யாணம் நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் ஆலை எழுப்பின. அதை வழிநடத்தியவர் செர்க்செஸ் தேசாய். இந்தியா அன்று பெரும்பாலும் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரம் கட்டிக்கொண்டிருந்தது. டைட்டன் குவார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பொத்தான் பேட்டரி, ஒரு சில்லு, வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத் துண்டு. இதை மின்னணுக் கருவி என்று யாரும் சொல்லவில்லை. டைட்டனும் அப்படி விற்கவில்லை. நகைக்கடைபோல விளக்குப் போட்டு, கல்யாணப் பரிசாக, புடவைக்கும் சூட்டுக்கும் பொருத்தமான அணியாக விற்றது. இந்தியர்கள் கோடிக்கணக்கில் உடம்பில் மாட்டிக்கொண்ட மின்னணு அதுதான். அதே நிறுவனம் 2016இல் எச்.பி. நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்மார்ட் வாட்சும் கொண்டுவந்தது, அது தனிக்கதை.

கைக்கடிகாரம் ஏன் வென்றது என்று யோசித்தால் அசட்டுத்தனமான ஒரு விடைதான் கிடைக்கிறது. குளிக்கும்முன் அதைக் கழற்றி வைக்கலாம். வாளியில் முக்க வேண்டியதில்லை, கல்லில் அடிக்க வேண்டியதில்லை, இஸ்திரி போட வேண்டியதில்லை. இன்று சந்தையில் அணி மின்னணு என்று விற்பவை பெரும்பாலும் இந்தக் கழற்றி வைக்கும் இனம்தான்: மணிக்கட்டு, காது, விரல். ஐ.டி.சி. நிறுவனக் கணக்கின்படி 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்தவை 13.42 கோடி. 2024இல் அது 11.9 கோடியாக இறங்கியது. ஏறிக்கொண்டே இருந்த கணக்கில் முதல் சறுக்கல். பெரும்பகுதி காதில் செருகுவது. மலிவு ஸ்மார்ட் வாட்சுகள்தான் பலமாகச் சரிந்தன. ஏற்கெனவே வாங்கியவர் ஏன் மறுபடி வாங்கவில்லை என்பதற்கு ஆய்வு தேவையில்லை. மேஜை டிராயரைத் திறந்தால் போதும். புதுப் பட்டை, புது நிறம் என்று ஃபேஷனின் அவசரத்தை மின்னணு கற்றுக்கொண்டது. துணிக்குள் போகும் பொறுமையைக் கற்கவில்லை.

எல்லோரும் விரும்பியா அணிகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. செம்பூரைத் தாண்டினால் டிராம்பே. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் 1975 முதல் கதிரியக்கப் பணியாளர்களுக்காக ஒரு மார்புப் பட்டையைப் புழக்கத்தில் வைத்திருக்கிறது. டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று அதற்குள் இருக்கும். அணிந்தவர்மேல் பட்ட கதிர்வீச்சை வில்லை சேமித்து வைக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் சூடாக்கினால் அந்தக் கணக்கை ஒளியாகச் சொல்லும். அதில் பேட்டரி இல்லை, திரை இல்லை. எக்ஸ்ரே எடுக்கும் ஊழியர் முதல் அணு உலை ஊழியர் வரை மாட்டுவது. அழகு பார்த்து அதை யாரும் வாங்கியதில்லை. ஆனால் அது அணிந்தவரின் உயிருக்காக வேலை செய்கிறது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

இதற்கு நேர் எதிர்ப்புறம் ஒன்று இருக்கிறது. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா, நவி மும்பை போன்ற ஊர்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரம் மாட்டப்பட்டது. எங்கே நிற்கிறார், எத்தனை நேரம் நிற்கிறார் என்று அலுவலகத் திரையில் தெரியும். சண்டிகரில் பணியாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஒரே மாதிரிக் கருவி. ஒருவர் கையில் ஃபேஷன், இன்னொருவர் கையில் விலங்கு. கழற்றி வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. உடைக்குள்ளேயே நெய்துவிட்டால் கழற்றுவது இன்னும் கடினம். சீருடையில் இது வந்து சேரும் நாளில் தொழிற்சங்கங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதை இப்போதே யோசிப்பது நல்லது.

இனி சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவிக்குள் போகலாம். தாராவியைப் பற்றி எழுதுகிறவர்கள் பானையையும் தோலையும் இட்லியையும் எழுதுவார்கள். இட்லியும் தோலும் நம்மவர்கள் கொண்டுவந்தவை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பதனிடுதல் வெளியே போய்விட்டது. பை, பெல்ட், பர்ஸ் தைப்பது நிற்கிறது. 2014இல் ஹைதராபாத்தின் டுசேர் நிறுவனம் லேச்சல் என்றொரு காலணியைக் கொண்டுவந்தது. பார்வையற்றவர்களை மனத்தில் வைத்து உருவான யோசனை அது: இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது கால் அதிரும். காலணிக்குள் மின்சுற்று வைப்பதற்குத் தேவையான தோல் கைத்திறன் தாராவியில் தலைமுறைக் கணக்கில் இருக்கிறது. அதைத் தேடி எந்த மின்னணு நிறுவனமும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் நான் பார்க்கச் சொல்வது தோல் பட்டறையை அல்ல. செங்குத்தான இரும்பு ஏணியைப் பிடித்து ஏறினால் வரும் மாடியை. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த காரிகர்கள் (கைவினைஞர்கள்) அங்கே அட்டாவைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அட்டா என்பது கட்டில் சட்டம்போன்ற மரச்சட்டம். துணியை அதில் மத்தளத் தோல்போல இழுத்துக் கட்டுவார்கள். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுவது ஆரி. கம்பியையும் சுருளையும் தகட்டையும் துணிமேல் பதிப்பது ஸர்தோசி. உலோக இழை தடித்தது, விறைப்பானது. ஊசிக்காதில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் ஒடியும், உரியும். அதனால் இழையை மேலேயே கிடத்தி, கண்ணுக்குத் தெரியாத சாதா நூலால் அங்கங்கே கட்டிக்கொண்டு போவார்கள். திரும்ப வேண்டிய இடத்தில் ஒடியாமல் வளைத்துத் திருப்புவார்கள்.

மின்கடத்தும் நூலைத் துணியில் பதிப்பவர்கள் உலகெங்கும் கடைசியில் வந்து சேரும் உத்திகளில் ஒன்று இதுதான். கிடத்து, கட்டு, மெல்லத் திருப்பு. ஆய்வுக்கூடங்கள் அதற்கென்று இயந்திரம் செய்திருக்கின்றன. தாராவி மாடியில் அதை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் செய்கிறார்கள். மும்பைக் காரிகரின் கை பாரீசுக்குப் புதிதல்ல. 2023 மார்ச் 30ஆம் தேதி தியோர் நிறுவனம் கேட்வே ஆஃப் இந்தியாவின் முன்னால் தன் ஆடைக்காட்சியை நடத்தியதே மும்பையின் சாணக்யா பூவேலைக் கூடத்தோடு உள்ள நெடுநாள் உறவைக் கொண்டாடத்தான். ஃபேஷன் உலகம் அந்தக் கையைக் கண்டுகொண்டுவிட்டது. சில இடங்களில் பெயரும் சொல்கிறது. மின்னணு உலகம் இன்னும் காணவில்லை. இருபத்துநான்காயிரம் எல்.இ.டி. பதித்த கவுனை லண்டனின் க்யூட்சர்க்யூட் 2009இல் செய்தபோது உலகம் வாய்பிளந்தது. இருபத்துநான்காயிரம் சம்கி என்றால் அட்டாவில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். அந்த மாடிகளில் இன்று ஓடும் ஜரிகை பெரும்பாலும் முதலில் சொன்ன பாலியஸ்டர் வகை. காரிகருக்கு மின்தடை என்றால் என்னவென்று தெரியாது. தெரிய வேண்டிய வேலை யாரும் கொடுத்ததில்லை. இழை நீளமாக நீளமாக மின்தடை ஏறும், வளைவில் இழைகள் தொட்டுக்கொள்ளக் கூடாது, சாலிடர் சூட்டில் பட்டு கருகும். இவை ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்கக் கூடியவை. அட்டாவில் உட்கார்ந்தவரின் கையை ஒரு பொறியாளருக்கு ஒரு வாரத்தில் கொடுக்க முடியாது.

சயானுக்கு அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 1887இல், மும்பை ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் தொடங்கியது. 1923இல் மாட்டுங்காவுக்கு வந்தது. ஜவுளியும் மின்னணுவும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படும் இடம். பக்கத்திலேயே வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐ.சி.டி.; 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகப் பிறந்தது, நார் சாயம் பற்றிய படிப்புக்குப் பேர்போனது. காட்கோபரில் பி.டி.ஆர்.ஏ., வொர்லியில் சஸ்மிரா என்று இரண்டு ஜவுளி ஆய்வு நிறுவனங்கள். 1982 ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் மால்களாகிவிட்டன. அந்த ஆலைகளுக்காக உருவான அறிவு மட்டும் கலையாமல் இந்த வளாகங்களில் இருக்கிறது. பணமும் இல்லை என்று சொல்ல முடியாது; தொழில்நுட்ப ஜவுளிக்கென்று ஒன்றிய அரசு 2020இல் 1,480 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கத்தையே அறிவித்தது.

இல்லாதது ஒரே கூரை. அம்பர்நாத்தின் படைக்கலத் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. எங்கள் ஊர் உலோகத் தொழிற்சாலை ஒரு நிறுவனத்துக்குப் போனது. சிப்பாய்க்குச் சீருடை தைக்கும் ஆவடி இன்னொன்றுக்குப் போனது. ஒளியியல், மின்னணுக் கருவிகள் செய்பவை மூன்றாவதற்கு. ஜெயராமன் அமெரிக்கச் சிப்பாய்க்கு நெய்த சட்டை இந்தியாவில் பிறக்க வேண்டுமென்றால் மூன்று கம்பெனிகள் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே வாரியத்தின்கீழ் இருந்தபோது மட்டும் நெய்தார்களா என்று கேட்டால், இல்லைதான்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதையும் அல்ல. மாட்டுங்காவில் ஜவுளி படிக்கும் ஒரு மாணவியும் மின்னணு படிக்கும் ஒரு மாணவனும் கையில் ஒரு கண்டு எஃகு நூலும் ஒரு மல்டிமீட்டருமாக ஒரு ஸ்டேஷன் தூரம் வந்து, தாராவியின் அந்த ஏணியில் ஏறி, காரிகருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அட்டாவின் அருகே உட்கார வேண்டும். அவர் பதித்துக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு ஜீன்ஸ் வாஷிங் டிரம் ஒன்றுக்குப் போக வேண்டும். எத்தனை துவைப்புக்குப் பிறகு பீப் நிற்கிறது என்று எண்ணி எழுதிவைக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் கலிஃபோர்னியாவில் இருக்கும் கூகுளுக்கு ஒரு தபால் அட்டை போடலாம். அதிலிருந்து காப்புரிமை எதுவும் பிறந்தால் அதில் காரிகரின் பெயரும் இருக்க வேண்டும்.

கொஞ்சம் சீக்கிரம் செய்ய வேண்டும். தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024இலேயே தொடங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச இடம் என்பது விதி. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவிக்கு வெளியே வாடகை வீடுதான். அட்டாக்கள் அநேகமாக மேல்தளத்தில்தான் இருக்கின்றன.